மழையில் போட்ட எட்டு

வாருங்கள். குடையை மடக்கிக்கொண்டு இந்தத் தகரக் கொட்டகைக்குள் சற்றே நில்லுங்கள். கண்ணெதிரே ஓர் அநியாயம் நடக்கிறது. அதற்கு நாலு பேர் சாட்சி வேண்டும். கூச்சல் போட்டு நடக்கும் அநியாயமாக இருந்தால் உங்களை அழைக்க வேண்டியதில்லை, ஊரே கூடியிருக்கும். இதுவோ சிரித்த முகத்தோடும் இதமான குரலோடும், "பத்திரமா வீட்டுக்குப் போங்கம்மா" என்ற அக்கறையோடும் நடப்பது. அதனால்தான் இத்தனை காலம் எவர் கண்ணிலும் படாமல் தப்பித்து வந்திருக்கிறது.

எதிரே விரிந்து கிடப்பது ஓட்டுநர் தேர்வுத் திடல். சிமெண்டுத் தரை. நடுவே வெள்ளைச் சாயத்தில் வரைந்த ஒரு பெரிய எட்டு. அந்த எட்டின் மேல், கொட்டும் மழையில், ஓர் இளைஞன் மோட்டார் சைக்கிளில் வளைந்து போகிறான். வராந்தாவில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் ஆய்வாளர் தலையை அசைக்கிறார், தேர்ச்சி. அடுத்தவன் வருகிறான். வளைவில் வழுக்கி விழுகிறான். முழங்காலைத் தடவிக்கொண்டு எழுகிறவனை, இன்னொரு தரம் போடச் சொல்கிறார் ஆய்வாளர். போடுகிறான். அவனுக்கும் தேர்ச்சி.

கொட்டகைக்குள் இருப்பவர்களோ பெண்கள். விடிந்ததும் விடியாததுமாக வந்து வரிசையில் நின்றவர்கள். முதல் தூறல் விழுந்ததுமே இவர்களை இங்கே ஒதுக்கிவிட்டார்கள். மழை பெய்தால் பெண்களுக்குத் தேர்வு கிடையாது. எந்தச் சட்டம் சொல்கிறது அப்படி? எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வழக்கம் சொல்கிறது. வழக்கத்துக்கு வாய் இருக்கிறது, காது கிடையாது. வெயில் அடிக்கும் நாளில் வரலாமாம். மழைக்காலமோ மாதக்கணக்கில் நீள்வது. அந்த மாதங்களில் பிள்ளைகள் பள்ளிக்குப் போவதில்லையா? நோய் வருவதில்லையா? வயிறுதான் பசிக்காமல் இருக்கிறதா? எல்லாம் உண்டு. பெண்ணுக்கு லைசென்ஸ் மட்டும் இல்லை.

கொட்டகையின் ஓரத்தில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, மழையையே முறைத்துக்கொண்டிருக்கிறாளே, அவளைப் பாருங்கள். தையல் மிஷின் பழுது பார்ப்பவள். கடையிலும் தெருவிலும் அவளுக்கு ஒரே பெயர்தான்: மெக்கானிக். ஜன்னல் இல்லாத பின்னறையில், மேசை விளக்கின் அடியில், ஆண்டுக்கணக்காக ஊசிக் கம்பியையும் பாபின் பெட்டியையும் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பவள். அவளிடம் வரும் மிஷின்கள் எல்லாம் படாத பாடு பட்டு வருபவை. வீட்டில் தைத்துப் பிழைக்கும் பெண்கள் அவற்றைப் பேருந்தில் ஏற்றி, படியில் இடித்து, வழியில் இன்னும் இரண்டு இடத்தில் நெளித்துக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். மிஷின் என்னைத் தேடி வருவதற்குப் பதில் நான் மிஷினைத் தேடிப் போனால் என்ன என்று அவள் கேட்டபோது முதலாளிக்கு அது வேடிக்கையாகப் பட்டது. வெளிவேலை பார்த்த ஆள் ஓய்வு பெற்றபோது வேடிக்கை தெளிந்தது. லைசென்ஸ் கொண்டுவந்தால் அந்த வேலை உனக்கு என்றார்.

இரண்டு முறை வந்தாள். இரண்டு முறையும் மழை. இரண்டு முறையும் இந்தக் கொட்டகை. நேற்று முதலாளி தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: "நாளைக்குக் கடை அடைக்கிறதுக்குள்ள லைசென்ஸோட வா. இல்லன்னா மறுநாளே புது ஆளை அனுப்பிடுவேன். அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது."

அந்த "நாளை" இன்று. அந்த மழை இதோ.

துணைக்கு வந்திருந்தவள் நாத்தனார், கணவனின் தங்கை. பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறாள். பிறர் வாயைத் திறக்க வைப்பதே தொழில் என்பதாலோ என்னவோ, தன் வாயை அவள் மூடுவதில்லை.

"ஏன் அண்ணி, மழையை இப்படி முறைச்சா அது பயந்து ஓடிடுமா? முறைக்கிறதா இருந்தா அந்தப் பக்கம் திரும்பி வராந்தாவுல இருக்கிற அவரை முறைங்க."

பெஞ்சின் மறுகோடியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் அமர்ந்திருந்தார். வயது அறுபதைத் தாண்டியவர். பேருந்துக்குக் காத்து நிற்கும் காலம் முடிந்துவிட்டது என்று ஒரு காலையில் முடிவெடுத்து ஸ்கூட்டர் வாங்கியவர். முறைத்தால் ஆகாது, எழுந்து போய்க் கேட்க வேண்டும் என்றார் அவர். கேட்டால் இல்லை என்பார்கள் என்றாள் ஒருத்தி. அந்த "இல்லை"யை அவர் வாயாலேயே சொல்லட்டும், கேட்டுக்கொள்வோம், இதுவரை கொட்டகைதானே நமக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது என்றார் தலைமையாசிரியை.

மெக்கானிக் எழுந்தாள். ஹெல்மெட்டை மாட்டினாள். கொட்டகைக்கும் வராந்தாவுக்கும் நடுவே மழை ஒரு சுவர்போல நின்றது. அந்தச் சுவருக்குள் நுழைந்து, நனைந்து, மறுபக்கம் வெளியே வந்தாள்.

ஆய்வாளர் கெட்டவர் அல்லர். கெட்டவராக இருந்திருந்தால் வேலை எளிது. ஒரு சண்டையில் முடிந்திருக்கும். அவர் நல்லவர். தரை வழுக்கும் என்றார். தண்ணீரில் கோடு தெரியாது என்றார். விழுந்து கையோ காலோ முறிந்தால் வீட்டில் யார் சமைப்பது என்று கேட்டார். கடைசியாக, எல்லா நல்லவர்களும் கடைசியாக எடுக்கும் ஆயுதத்தை எடுத்தார்.

"என் சொந்தப் பொண்ணா இருந்தாலும் இதைத்தாம்மா சொல்வேன்."

"உங்க பொண்ணுக்கும் சேர்த்துத்தான் சார் கேக்கறேன்."

வராந்தாவில் நின்ற ஆண்கள் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலை உயர்த்தவில்லை. இப்போது விழுந்தாரே அந்தத் தம்பி, அவர் விழுந்ததற்கு யார் பதில் சொன்னார்கள் என்று கேட்டாள். மழை ஆணுக்கு ஒரு பக்கமும் பெண்ணுக்கு ஒரு பக்கமுமாகப் பெய்கிறதா என்று கேட்டாள். லைசென்ஸில் "வெயிலில் மட்டும் ஓட்டவும்" என்று அச்சடித்துத் தருகிறீர்களா, அப்படியானால் வெயில் வரும்வரை காத்திருக்கிறேன் என்றாள்.

ஆய்வாளரின் இதமான முகத்தில் முதல் சுருக்கம் விழுந்தது. சரி, போடு என்றார். ஆனால் எட்டு மட்டும் போதாது. சாலையிலும் ஓட்டிக் காட்ட வேண்டும். அலுவலக ஜீப்பில் தாம் பின்னால் வருவதாகச் சொன்னார். அன்று காலையிலிருந்து எட்டுப் போட்ட ஆண்களில் ஒருவனைக்கூட அவர் சாலைக்கு அனுப்பவில்லை; மழையைக் காரணம் காட்டி அந்தப் பாதியை அவர்களுக்குத் தள்ளுபடி செய்திருந்தார். ஆணுக்கு மழை சலுகை, பெண்ணுக்கு அதே மழை தண்டனை. அவள் அதைக் கவனித்தாள். கவனித்தும் தலையாட்டினாள்.

ஸ்கூட்டர் கணவனுடையது. அவன் ரொட்டிக்கடையில் அடுப்படி வேலை பார்ப்பவன். அவளுக்கு வண்டி கற்றுக்கொடுத்தவனும் அவன்தான். மேகம் கறுத்தால் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்பவனும் அவன்தான். நனைந்துவிடுவாளாம். தண்ணீர்த் தொட்டியடியில் தினமும் நனைந்து துணி துவைக்கிறவள் மழையில் நனைந்தால் கரைந்துவிடுவாளாம்! அன்பும் ஒரு பூட்டுத்தான், துரு ஏறாத பூட்டு.

வண்டியை உசுப்பினாள். இரண்டு முறை இருமிவிட்டு என்ஜின் கண் விழித்தது.

கொட்டகையில் உட்கார்ந்திருந்த நேரம் முழுதும் வீணாகிவிடவில்லை. விழுந்தவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் விழுந்தார்கள் என்பதை எல்லாப் பெண்களும் பார்த்திருந்தார்கள். வெள்ளைச் சாயம் நனைந்தால் சோப்பு மாதிரி. கோட்டை விடக் கூடாது என்ற பயத்தில் ஆண்கள் சக்கரத்தைக் கோட்டின் மேலேயே ஏற்றினார்கள். கோடு அவர்களைக் கீழே தள்ளியது. மெக்கானிக் கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே வண்டியை இறக்கினாள்.

முதல் வளைவு. மழை ஹெல்மெட் கண்ணாடியில் சடசடவென்று அறைந்தது. பிரேக்கைத் தொடாதே, தொடாதே என்று தன் விரல்களுக்கே கட்டளையிட்டாள். வண்டி சாய்ந்தது, அவளும் சாய்ந்தாள், தரையில் தேங்கிய நீர் சக்கரத்தின் இருபுறமும் விசிறியாக விரிந்தது. எட்டின் இடுப்பைக் கடந்தாள். அங்கே எடையை மறுபக்கம் மாற்ற வேண்டும். மாற்றினாள். பின்சக்கரம் ஒரு கணம், ஒரே ஒரு கணம், தன் இஷ்டத்துக்கு நகர்ந்தது. கொட்டகையில் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்த சத்தம் மழையையும் மீறிக் கேட்டது. ஆக்சிலேட்டர் முறுக்கியைக் கொஞ்சம் தளர்த்தி, உடம்பை நிமிர்த்தினாள். சக்கரம் மறுபடி தரையைக் கவ்வியது. அந்தக் கவ்வலை அவள் முதுகெலும்பு வரை உணர்ந்தாள். பயமா அது? பயம் என்றால் கை நடுங்க வேண்டுமே. நடுங்கவில்லை. நெஞ்சு மட்டும் கல்யாண மேளம்போல் கொட்டியது, வாய் தானாகச் சிரித்தது.

அந்த நேரம் பார்த்து நாத்தனாரின் கைப்பேசி அலறியது. அண்ணன்தான். மழை வலுத்துவிட்டது, வண்டியை அங்கேயே விட்டுவிட்டு இருவரும் பேருந்தில் வந்துவிடுங்கள், அவளிடம் கொடு, நானே சொல்கிறேன் என்றான்.

"அண்ணி இப்போ பேச முடியாது அண்ணா. வண்டி ஓட்டிக்கிட்டிருக்காங்க. ஓட்டும்போது போன் பேசினா சட்டப்படி குத்தம்."

 விழாமல் ஓட்டுகிறாளா என்று மட்டும் கேட்டான் அண்ணன். உன்னைவிட நன்றாகவே ஓட்டுகிறாள் என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தாள் தங்கை.

எட்டு முடிந்தது. கால் தரையில் படவில்லை. ஆய்வாளர் எழுந்து, தொண்டையைச் செருமி, ஜீப்பைக் கொண்டுவரச் சொன்னார். அவளிடம் விதிகளைச் சொன்னார்: வாசலைத் தாண்டி இடப்பக்கம், கடைத்தெரு, ரயில் பாலத்தின் அடியில் புகுந்து, சுற்றி, கடைத்தெருவின் மறுகோடி வழியாக மறுபடி இதே வாசல். எங்கும் நிற்கக் கூடாது; பின்னால் திரும்பிப் பார்க்கவும் கூடாது. நிறுத்தினாலும் திரும்பினாலும் தோல்வி.

கிளம்பினாள்.

கடைத்தெருவில் மழை தனி ராஜாங்கம் நடத்திக்கொண்டிருந்தது. கடைகளின் முன் ஒதுங்கியிருந்த கூட்டம் முழுக்க ஆண்கள், வண்டிகளை ஓரம் கட்டிவிட்டு. அத்தனை கண்களுக்கு நடுவே அவள் ஒருத்தி மட்டும் சாலையில் போனாள். பேருந்து ஒன்று சேற்று நீரை வாரி இறைத்துவிட்டுக் கடந்தது. கால் முதல் கழுத்து வரை குளித்தாள். சாக்கடையின் இரும்பு மூடி பளபளத்த இடத்தை விட்டு விலகினாள். மணிக்கட்டு வழியாகச் சட்டைக் கைக்குள் புகுந்த நீர் முழங்கை வரை ஓடிக் குறுகுறுத்தது. அடடா, இத்தனை நாள் இந்தத் தெருவைப் பேருந்து ஜன்னலின் அழுக்குக் கண்ணாடி வழியாக அல்லவா பார்த்தோம் என்று தோன்றியது. எதிரே காற்று, காற்றில் மழை, மழையின் நடுவே தான். தன் கையில் ஒரு முறுக்கி, தன் காலடியில் ஓர் என்ஜின், தன் முன்னே ஒரு சாலை. யாரும் ஏற்றிவிடவில்லை, யாரும் இறக்கிவிடப் போவதும் இல்லை.

பாலத்தின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. எவ்வளவு ஆழம் என்று தெரியாத பழுப்பு நீர். முன்னே போன லாரி நடுச்சாலையின் மேட்டைப் பிடித்துப் போனதைப் பார்த்தாள். அதன் தடத்திலேயே வண்டியை இறக்கினாள். நீர் கால்வைக்கும் பலகை வரை ஏறியது. புகைக்குழாய் குபுகுபுவென்று கொப்பளித்தது. முறுக்கியை விட்டால் என்ஜின் தண்ணீர் குடித்துவிடும். விடாமல், கூட்டாமல், ஒரே சீராகப் பிடித்தாள். ஊசி முறியாமல் கெட்டித் துணியில் தையல் ஓட்டும்போது பாதத்தை எப்படி வைப்பாளோ அப்படி. நடுவில் வண்டி ஒருமுறை விக்கியது. "போ, போ, நின்னுடாதே, எனக்கு நிக்கறதுக்கு அனுமதி இல்ல" என்று அதனிடம் கெஞ்சினாள். வண்டி போயிற்று. மேடேறிற்று. வெளிச்சத்துக்கு வந்ததும் பிரேக்கை மெல்ல மெல்ல அழுத்தி ஈரத்தைக் காயவைத்தாள். பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள்; மழை வழிந்ததில் ஒன்றும் தெரியவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்க்கவில்லை.

வாசலுக்குள் நுழைந்தபோது கொட்டகையே எழுந்து நின்றது. கைதட்டல் ஓய்ந்ததும் தலைமையாசிரியை வாசல் பக்கம் எட்டிப் பார்த்து, ஆய்வாளர் எங்கே என்று கேட்டார். பின்னால் வருகிறார் என்றாள் மெக்கானிக். பின்னால் யாருமே இல்லை என்றார்கள். எல்லோரும் சாலையைப் பார்த்தார்கள். மழை வந்தது, காற்று வந்தது, ஜீப் வரவில்லை.

"தேர்வு வைக்கிறவரையே தொலைச்சுட்டு வந்த முதல் ஆளு நீங்கதான் அண்ணி."

சிரிப்பு எழுந்தது, எழுந்த வேகத்தில் அடங்கியது. ஆய்வாளர் இல்லை என்றால் கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லை என்றால் லைசென்ஸ் இல்லை. அலுவலகம் மூடும் நேரம் நெருங்குகிறது. அதற்குச் சற்றுப் பின்னால் கடையும் மூடும். இத்தனை தூரம் நீந்தி வந்து கரையில் மூழ்குவதா?

மெக்கானிக் வண்டியைத் திருப்பினாள். எங்கே போகிறாய் என்ற கேள்விக்கு, என் ஆய்வாளரைக் கூட்டிவரப் போகிறேன் என்று பதில் மழையில் மிதந்து வந்தது.

பாலத்தின் அடியில் ஜீப் நட்ட நடுவே நின்றுகொண்டிருந்தது. பின்னிருக்கையில் ஆய்வாளர், ஷூ நனையாதபடி கால்களை இருக்கையின் மேல் மடக்கி, குடையை விரித்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பாலத்திலிருந்து சொட்டிய நீர் ஜீப்பின் கூரை வழியே ஒழுகியது. மேட்டைப் பிடித்துப் போகலாம் என்று ஜீப் ஓட்டுநர் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணை நெருங்கிப் போக வேண்டும், குறுக்கே விடு என்று இவர் சொல்லியிருக்கிறார். குறுக்கேதான் பள்ளம்.

அவள் அதே மேட்டில் வந்து, ஜீப்பின் அருகே வண்டியை அணைக்காமல் நிறுத்தினாள். ஏறிக்கொள்ளச் சொன்னாள். அவர் மறுத்தார். யாராவது ஓர் ஆள் வண்டியில் வருவான், அவனோடு போய்க்கொள்கிறேன் என்றார். அந்த யாராவது ஓர் ஆளும் வந்தான், மோட்டார் சைக்கிளில். தண்ணீரைப் பார்த்தான். ஆய்வாளரைப் பார்த்தான். வந்த வழியே திரும்பிப் போனான். ஜீப் ஓட்டுநர் சிரிப்பை மென்று விழுங்கிக்கொண்டு, தண்ணீர் இருக்கை வரை வரப்போகிறது என்றும், ஜீப்பைத் தாம் பார்த்துக்கொள்வதாகவும் ஐயா கிளம்பிவிடுவது நல்லது என்றும் சொன்னார்.

ஆய்வாளர் ஏறினார். அவருக்குப் பின்னிருக்கைப் பழக்கம் இல்லை. ஆயுள் முழுதும் பிறரை ஓட்டவைத்து வேடிக்கை பார்த்தவர். ஏறிய பிறகும் குடையை விரித்தே பிடித்திருந்தார்.

"குடையை மடக்குங்க சார். காத்து அடிச்சா நீங்க ஒரு பக்கம் பறப்பீங்க, நான் ஒரு பக்கம் விழுவேன்."

மடக்கினார். வண்டி நீரைக் கிழித்துக்கொண்டு நகர்ந்தது. அவர் பின்கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார் என்று ஜீப் ஓட்டுநர் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார். அதை நாம் நம்பலாம்.

"மெதுவா போம்மா, மெதுவா."

"மெதுவாத்தான் சார் போறேன். வேகமா போறது மழை."

கடைத்தெருவில் ஒதுங்கி நின்ற கூட்டம் இந்த ஊர்வலத்தைப் பார்த்தது. தேர்வு அதிகாரியைப் பின்னால் வைத்துக்கொண்டு ஒரு பெண் மழையில் வருகிறாள். ஒருவன் வாயில் விரல் வைத்து விசிலடித்தான். ஆய்வாளர் ஒரு கையை எடுத்து, மடக்கிய குடையால் முகத்தை மறைத்துக்கொண்டார். அவளோ நிமிர்ந்து உட்கார்ந்தாள். வாசலுக்குள் நுழைந்தபோது வளைவில் வண்டியைச் சாய்த்த அழகைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். பின்னால் ஒரு கனமான மனிதர் எதிர்ப்பக்கம் சாய்ந்தும்கூட வண்டி அசையவில்லை.

இறங்கினார். சட்டையை உதறினார். வராந்தாவில் கால் வைத்ததும் தரையின் தைரியம் அவருக்குத் திரும்பி வந்தது. அவள் ஓட்டியதில் பாதியைத்தான் தாம் பார்த்ததாகவும், பாலத்துக்குப் பிறகு பார்க்கவில்லை என்றும், பார்க்காத ஓட்டத்துக்குக் கையெழுத்துப் போட முடியாது என்றும், வெயில் அடிக்கும் நாளில் வரும்படியும் சொன்னார். அதே இதம். அதே அக்கறை.

மெக்கானிக்குக் கண்ணில் நீர் வந்திருக்கும், மழைநீரோடு போயிற்று. 

பதில் கொட்டகையிலிருந்து வந்தது. தலைமையாசிரியை வராந்தாவுக்கு ஏறி, புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே, ஆய்வாளரின் நேர் எதிரில் நின்றார்.

"தம்பி, ஒரே ஒரு சந்தேகம். பயிற்சி உரிமம் மட்டும் வெச்சிருக்கிறவங்க பின் சீட்ல யாரையும் ஏத்தக் கூடாதுன்னு எழுத்துத் தேர்வுல எங்களைக் கேட்டீங்களே. அது இப்பவும் சட்டமா, இல்ல எடுத்துட்டீங்களா?"

ஆய்வாளர் சட்டம்தான் என்றார். சொன்ன பிறகே அந்தச் சொல் எங்கே கொண்டுபோய் விடும் என்று அவருக்குப் புரிந்தது.  எட்டுப் போட வந்த ஆண்களும் அருகே வந்து நின்றார்கள்.

"அப்போ இவ பின்னாடி நீங்க ஏறினப்போ இவ தேர்ச்சி பெற்றவளா, பெறாதவளா? பெறாதவள்னா சட்டத்தை மீறினது நீங்க. இத்தனை பேர் சாட்சி."

தாம் பயிற்றுநர் என்ற முறையில் ஏறியதாக வைத்துக்கொள்ளலாமே என்றார் ஆய்வாளர். பயிற்றுநருக்கு விலக்கு உண்டு என்பது உண்மைதான்.

"வெச்சுக்கலாமே. ஆனா தன்னோட மாணவிக்குத் தானே தேர்வு வைக்கிறது எந்த ஊர் நியாயம் சார்?" என்றாள் நாத்தனார். "இப்படிக் கொஞ்சம் வாயைத் திறந்து பதில் சொல்லுங்க. வலிக்காது."

முதலில் சிரித்தவன் யார் தெரியுமா? காலையில் விழுந்து எழுந்தானே, அந்த இளைஞன். பிறகு வராந்தா முழுதும் சிரித்தது. மெக்கானிக் சிரிக்கவில்லை. அவள் நேராகப் போய் மேசைமுன் நின்று, நிதானமாகச் சொன்னாள்:

"சார், நீங்க பாக்கலைன்னு சொன்ன பாதியை, என் பின்னாடி உக்காந்தே பாத்துட்டீங்க. உங்களுக்கு ஒரு கீறல் விழல. இதுக்கு மேல நான் எப்படி ஓட்டிக் காட்டறது?"

ஆய்வாளர் அவளைப் பார்த்தார். ஈரம் சொட்டும் தம் சட்டையைப் பார்த்தார். பாலத்தடியில் திரும்பிப் போன அந்த ஆளை நினைத்தாரோ, வீட்டில் இருக்கும் மகளை நினைத்தாரோ, அவருக்குத்தான் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டார். பிறகு யாரும் கேட்காமலே தலையை நிமிர்த்தி, கொட்டகையைப் பார்த்து, அடுத்தவர் வரலாம் என்றார்.

ஆம், மழை அப்போதும் பெய்துகொண்டுதான் இருந்தது.

பெண்கள் ஒருவர்பின் ஒருவராக மழைக்குள் இறங்கினார்கள். தலைமையாசிரியை வகுப்பறைக்குள் நடப்பதுபோல் எட்டைச் சுற்றி வந்தார், தேர்ச்சி. கல்லூரி மாணவி ஒருத்தி இடுப்பு வளைவில் காலை ஊன்றிவிட்டாள்; இரண்டாம் தரம் போட்டாள். நாத்தனாரின் தோழியாகிவிட்ட ஒருத்தி இரண்டு தரமும் விழுந்தாள், தோற்றாள். ஆனால் பாருங்கள், அவள் ஓட்டித் தோற்றாள். கொட்டகையில் உட்கார்ந்து தோற்கவில்லை. சேற்றைத் துடைத்துக்கொண்டு, அடுத்த மழைக்கு வருகிறேன் சார் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மெக்கானிக் அதற்குள் பாதி ஊரைக் கடந்துவிட்டாள். தற்காலிக உரிமச் சீட்டு பிளாஸ்டிக் உறைக்குள், உறை சட்டைக்குள், நெஞ்சுக்கு நேரே. பின்னிருக்கையில் நாத்தனார் பேசிக்கொண்டே வந்தாள். காற்று அவள் பேச்சைப் பிய்த்து வழியெல்லாம் இறைத்தது. சட்டப்படி இப்போது ஏறலாம் என்பதையே அவள் நாலைந்து தடவை சொன்னாள் போலிருக்கிறது.

முதலாளி கடைக் கதவைப் பாதி இழுத்திருந்தார். தெருமுனையில் விளக்கைப் போட்டபடி ஒரு ஸ்கூட்டர் திரும்பியதைப் பார்த்து, இந்த மழையில் எவன் வருகிறான் என்று நினைத்தாராம். ஹெல்மெட் கழன்றதும் கதவைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. சீட்டை வாங்கி விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். இந்த மழையிலேயா கொடுத்தார்கள் என்று கேட்டார். இந்த மழையில்தான் கொடுத்தார்கள் என்றாள்.

அவர் உள்ளே போய், வெளிவேலைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, அவள் வண்டியின் பலகையில் தாமே வைத்தார்.

"ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு. மிஷின் இறுகிப் போய் ரெண்டு நாளா தையல் நிக்குதாம். நாளைக்குக் காலையில..."

"இப்பவே போயிட்டு வந்துடறேன்," என்றாள் மெக்கானிக்.

மழை இன்னும் விடவில்லை. அவளும் விடவில்லை. வண்டி கிளம்பிய சத்தம் தெருக்கோடி வரை கேட்டது.

நண்பர்களே, சாட்சி சொல்ல அழைத்தோம், வந்தீர்கள், பார்த்தீர்கள். பார்த்ததோடு கலைந்து போனால் சாட்சிக்கும் வேடிக்கைக்கும் வித்தியாசம் இல்லை. உங்கள் ஊரிலும் ஒரு திடல் உண்டு, அங்கேயும் ஒரு கொட்டகை உண்டு. அடுத்த மழை நாளில் அங்கே போங்கள். பெண்களை ஒதுக்கி உட்கார வைத்திருந்தால், எந்தச் சட்டத்தின்படி என்று கேளுங்கள். எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டார்கள், காட்ட அப்படி ஒன்று இல்லை. அவர்கள் சிரித்துப் பேசுவார்கள், அக்கறை காட்டுவார்கள், வெயிலைக் கைகாட்டுவார்கள். அசையாதீர்கள். அந்த வரிசையில் முதலில் நிற்கும் பெண் வண்டியை உசுப்பி எட்டின் மேல் ஏறும்வரை அந்த வராந்தாவை விட்டு நகராதீர்கள். நனையுங்கள்.